வெள்ளை மார்பிளில் ஒரு கறுப்புப் புள்ளி

மார்ச் 3, ஞாயிறு

குளியலறை வாஷ்பேசின் மண்டையைப் போட்டுவிட்டது. சுத்தியலை அலமாரியிலிருந்து எடுக்கிறேன் பேர்வழி என்று அண்ணன் அதன் மேலேயே போட்டான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரிசல். "புதுசு என் செலவு" என்றேன். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு போனஸ் வந்திருக்கிறது. கல்யாணம் முறிந்து, ரெண்டு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம். இங்கே ஒரு கரண்டிகூட நான் தேர்ந்தெடுத்ததில்லை. இதையாவது நான் பார்த்து வாங்குகிறேனே!

கல் கடையில் அண்ணன், "கறுப்பு கிரானைட் எடு, அழுக்கே தெரியாது" என்றான். தெரியாவிட்டால் அழுக்கு இல்லையென்று ஆகிவிடுமா? நான் போய் நின்றது வெள்ளை மார்பிள் முன்னால். உள்ளே சாம்பல் ரேகைகள். தொட்டால் வழவழவென்று, ஆனால் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு இல்லை. அதுதான் நல்லது என்றார் கடைக்காரர். ரொம்ப மெருகேற்றியதில் சின்னக் கீறலும் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"ஆனா எலுமிச்சை, வினிகர், ஆசிட் கிளீனர், மூணும் கிட்டயே வரக்கூடாதும்மா. கல்லை அரிச்சிடும். குழந்தை மாதிரி பாத்துக்கணும்."

அண்ணன் என் காதில், "மூஞ்சி கழுவ வாங்குறியா, தத்தெடுக்கிறியா?" என்றான்.

தத்துதான் எடுத்தேன்.

மார்ச் 9, சனி

பொருத்தியாச்சு. கனம் தாங்க அடியில் இரும்புச் சட்டம் கொடுத்திருக்கிறார் பிளம்பர். கல் எதையும் உறிஞ்சாமலிருக்க மேலே சீலர் பூசினார். அவ்வப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். உருண்டு நின்றால் சரி. உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால் மறுபடி பூச வேண்டும்.

அண்ணனுக்குச் சட்டதிட்டம் எல்லாம் சொன்னேன். சோப்பை நேராகக் கல்மேல் வைக்காதே, கழுவி முடித்ததும் துடை. பேசினுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனான். கொழுப்பு.

மார்ச் 20, புதன்

சொட்டு உருண்டு நிற்கிறது! சும்மாவே மூன்று தடவை விட்டுப் பார்த்தேன்.

ஏப்ரல் 6, சனி

ஐயோ. ஐயோ ஐயோ. தண்ணீர் போகும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. தேய்த்தால் போகவில்லை. பிளம்பருக்கு போன் போட்டுக் கத்தினேன். பாவம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 8, திங்கள்

சமையல் சோடாவைக் குழைத்துக் கறைமேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்திருந்தேன். இன்று எடுத்தால் பாதி மங்கியிருக்கிறது. சந்தோஷப்பட விட்டால்தானே? பக்கத்திலேயே புதுசாக இன்னொரு புள்ளி! வீட்டில் இருப்பதே ரெண்டு பேர். நான் இல்லை. அப்படியென்றால்—

ஏப்ரல் 12, வெள்ளி

காலையில் டீ குடிக்கும்போது எதிரே உட்கார்ந்து அண்ணனை நன்றாகப் பார்த்தேன். மீசை கன்னங்கரேலென்று இருக்கிறது. போன மாதம்வரை உப்பும் மிளகுமாக இருந்த மீசை! நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைச் சோதிக்கும் கடையில் வேலை பார்க்கிறேன், என்ன பிரயோஜனம்?

"டை அடிக்கிறியா?"

"ஹும்."

"பேசின்லயா கலக்குற?"

"நீ எலுமிச்சை, வினிகர், ஆசிட்னுதான சொன்ன? டையைப் பத்தி மூச்சு விடலையே!"

சிரிப்பதா, அடிப்பதா? யாருக்காக இந்த அலங்காரம் என்று கேட்டதும் மனுஷனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. பஸ் டிப்போவில் அவனோடு கணக்குப் பார்க்கிற அம்மாவாம். ரெண்டு பேரும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறார்களாம். ஐம்பத்திரண்டு வயதுவரை கல்யாணமே வேண்டாம் என்று திரிந்த ஆள்!

"உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றான். கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

ஏப்ரல் 15, திங்கள்

சந்தோஷம்தான். நிஜமா சந்தோஷம். ஆனா பயமா இருக்கு. இது அண்ணன் வீடு. வர்றவங்களுக்கு நான் யாரு? ஓரமா ஒட்டிக்கிட்டிருக்கிற நாத்தனார். போன்னு அண்ணன் சொல்ல மாட்டான், தெரியும். சொல்லாம இருக்கிறதுக்காக அவன் கஷ்டப்படுவான் பாரு, அதுக்கு முன்னாடி நானே வேற வீடு பாத்துடணும். பேசினைக் கழற்றி எடுத்துக்கிட்டா போக முடியும்?

ஏப்ரல் 17, புதன்

ஒரு வாடகை வீடு பார்த்தேன். குளியலறையில் நின்று திரும்பினால் முழங்கை இடிக்கிறது. நாளை மறுநாள் பதில் சொல்வதாகச் சொன்னேன். நாளை மறுநாளும் சொல்லப்போவதில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

அவங்க வந்தாங்க. நல்ல உயரம், கணீரென்ற குரல். சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அண்ணன் பிஸ்கட் தட்டை எல்லோருக்கும் இரண்டு தடவை நீட்டினான்.

கை கழுவப் போனவங்க வரவே இல்லை. நான் பின்னாலேயே போனேன். பேசின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "உங்க அண்ணன் சொன்ன புள்ளி இதுதானா? இவரை என்ன செய்யலாம், சொல்லுங்க" என்றாங்க. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரலைத் தணித்து, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாங்க: "காலையில நீங்க எத்தனை மணிக்குக் குளிப்பீங்க? எனக்கு ஆறரை பஸ்ஸைப் பிடிக்கணும். உங்களுக்கு முன்னாடி வரட்டுமா, பின்னாடி வரட்டுமா? உங்களுக்கு எது தோதுன்னு சொல்லுங்க, அப்படியே பண்ணிக்கலாம்."

நான் இங்கேதான் இருப்பேன் என்பதில் அவங்களுக்குச் சந்தேகமே இல்லை. இடம் கேட்டு நின்றது அவங்க.

"முன்னாடி வாங்க" என்றேன். முகம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஏப்ரல் 22, திங்கள்

வாடகை வீட்டுக்காரருக்கு போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 3, திங்கள்

இன்று நான் முந்திக்கொண்டேன். குளியலறைக் கதவை யாரோ தடதடவென்று தட்டினார்கள்.

"உள்ள என்ன தூக்கமா? பஸ்ஸு போயிடும், வெளிய வா!"

"வர்றேன் அண்ணி, கதவை உடைச்சிடாதீங்க!" என்று நானும் கத்தினேன்.