தனிச் சட்டி, தனிக் கரண்டி

செவ்வாய், ஜூன் 3

இங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது, மழை. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குப் போகும் ரயில் பிந்தியது. இன்று: இரும்புச்சத்துக் கையேடு, தமிழில். அம்மாவுக்கு மருந்துக் குளிசை வாங்கவேண்டும்.

கையேட்டில் "மாட்டிறைச்சி" என்று எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். நான் உணவு ஆலோசகர். அதிலுள்ள இரும்பை உடம்பு இலகுவாக எடுத்துக்கொள்ளும் என்று நோயாளிகளுக்குத் தினமும் சொல்கிறவள்.

மதியம் லூசியா டாக்கோ கொண்டுவந்தாள். எங்கள் பிரிவுதான், மெக்சிக்கோக்காரி. சோள ரொட்டிக்குள் மணிக்கணக்காக அவித்துப் பிய்த்த மாட்டிறைச்சி. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து அரைத்தால்தான் சத்து முழுதாகச் சேருமாம். சோளம் அவர்களுடையது, மாடு ஸ்பானியரின் கப்பலில் வந்ததாம்.

எனக்கு மட்டும் கோழி. தனிச் சட்டி, தனிக் கரண்டி. சேர்ந்த அன்றே "நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் தாதி யோகம் அன்ரி. அம்மாவின் கோயில் சிநேகிதி. வேறென்ன சொல்ல?

அன்ரி இன்று: "பாத்தியே பிள்ளை, உனக்கெண்டு வேறயாச் சமைச்சிருக்கிறாள். எவ்வளவு மரியாதை!"

ஓம் என்றேன்.

வியாழன், 5

வேலை முடிந்து பரமட்டா. வழக்கமான கடை, வழக்கமான மூலை. மாட்டு டாக்கோ மூன்று. வெள்ளி கோயில், அன்று மரக்கறி மட்டும், அதனால் வியாழன். இந்தக் கணக்கு எனக்கே அருவருப்பு.

முழங்கை வரை சாறு. நிமிர்ந்தால் கண்ணாடிக்கு வெளியே லூசியா. கை காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாவதை விழுங்க முடியவில்லை. பொய். விழுங்கினேன்.

வெள்ளி, 6

கோயில். "ஏன் முகம் ஒரு மாதிரி?" அம்மா. தலையிடி என்றேன்.

மாடு சாப்பிட்டதற்கு வெட்கமில்லை. ஒருத்தி எனக்காக விடியப்புறம் எழும்பி இரண்டாவது சட்டி வைக்கிறாளே, அதுதான். கேவலம்.

செவ்வாய், 10

மழை விட்டது. கையேடு அச்சுக்குப் போனது. மாட்டிறைச்சி உள்ளே இருக்கிறது.

மதியம் மறுபடி டாக்கோ. மறுபடி எனக்குக் கோழி. வேலையிடத்துக் குசினியில் லூசியாவைத் தனியே பிடித்தேன்.

"இனி எனக்கென்று சமைக்காதே. நான் சொன்னது பொய்."

"தெரியும். போன வருடமே உன்னை அந்தக் கடையில் கண்டேன்."

"பிறகு ஏன் சமைத்தாய்?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். யோகம் அன்ரி எனக்கும் சேர்த்துக் கதிரை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தா.

"அவருக்கு முன்னால் நீ எதைச் சாப்பிடுவாய்?"

கோழியை எடுத்துக்கொண்டு போய் அன்ரிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அன்ரி: "கரண்டி ஒண்டும் மாறேல்லைத்தானே, பிள்ளை?"

"மாறேல்லை, அன்ரி."