பட்டியலில் தங்கையின் பெயர்

மார்ச் 9

நாளை முதலாளியின் தோட்ட விருந்து. முந்நூறு பேர். அழைப்புப் பட்டியல் எட்டு வருஷமாக என் பொறுப்பு. எந்த நடிகர் பக்கத்தில் எந்த இயக்குநர் நிற்கக் கூடாது என்பதுவரை அத்துப்படி. எங்கள் இசைக் கம்பெனியில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது, ஆனால் விருந்து வாரத்தில் எல்லோரும் பல்லைக் காட்டுவார்கள். கடைசியில் தங்கையின் பெயரையும் சேர்த்துவிட்டேன். எத்தனை நாள்தான் கோரஸ் பாடிக்கொண்டிருப்பாள்?

"நான் வரலக்கா. அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

"என்னைத் தெரியுமே!"

மார்ச் 10

விருந்தில் முதலாளியே எங்களிடம் வந்தார். "உன் தங்கச்சி குரலைக் கேக்கணுமே" என்று மாடி அறைக்கு அழைத்துப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கைப்பையோடு கீழே நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தவள், "வீட்டுக்குப் போலாம்" என்றாள், அவ்வளவுதான். பாட்டு சரியாக வரவில்லை போல.

மார்ச் 14

கேட்டேன். சொன்னாள்.

எழுதக் கை வரவில்லை.

மார்ச் 17

"போலீசுக்குப் போலாமா?" என்று கேட்டேன். "உன் வேலை போயிடுமேக்கா" என்றாள். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

நாளை வேலைக்கும் போகப் போகிறேன்.

ஆகஸ்ட் 21

இரண்டு பாடகிகள் தொலைக்காட்சியில் பேசிவிட்டார்கள். அதே மாடி அறை. கம்பெனி வக்கீல் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். 'விருந்துகளில் தவறாக எதுவும் நடக்கவில்லை' என்று ஒரு காகிதம். தயங்கினேன்.

"நீங்க மாடிக்குப் போனதே இல்லையேம்மா. உங்க கண்ணால எதுவும் பாக்கலதானே?"

பார்க்கவில்லைதான். கையெழுத்துப் போட்டேன். பாவி.

செப்டம்பர் 3

தங்கை என்னிடம் சொல்லாமலே போலீசில் புகார் கொடுத்திருக்கிறாள். இன்றைய பத்திரிகையில் அந்தக் காகிதம், கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களோடு.

"நீயுமாக்கா?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். துணிகளை மடித்து, பெட்டியை மூடி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 11

வேலையை விட்டேன். எட்டு வருஷப் பட்டியல்களையும் விசாரணை அதிகாரி மேசையில் வைத்தேன். ஒரே ஒரு தடவை வந்து பிறகு வராத பெண்களைக் குறித்துக் கொடுக்கச் சொன்னார். பதினேழு பேர். அத்தனை பேரையும் ஃபோனில் கூப்பிட்டவள் நான்தான். "வாம்மா, நல்ல வாய்ப்பு" — இதே வாயால்.

டிசம்பர் 5

முதலாளிக்கு ஜாமீன்.

பிப்ரவரி 26

இன்று கோர்ட். தங்கையை முதலில் விசாரித்தார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே நடந்ததை அரசு வக்கீல் பிறகு சொன்னார்: எதிர்த்தரப்பு வக்கீல் என் கையெழுத்தைக் காட்டி, "ஒண்ணும் நடக்கலன்னு உங்க கூடப் பிறந்தவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே?" என்று கேட்டாராம்.

என் முறை வந்தது. நடந்ததைச் சொன்னதும் அதே வக்கீல் எழுந்தார்.

"அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"அப்ப சொன்னது."

"அப்ப பொய் சொன்னவங்களை இப்ப எப்படிம்மா நம்பறது?"

கூண்டை விட்டு இறங்கினேன்.

கோர்ட் தாழ்வாரத்தில் அவள் என்னைக் கடந்து போனாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். காதில் விழுந்தது, நடை ஒரு நொடி தடுமாறியது. திரும்பவில்லை.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றாள். "பேசினாளா?"

"கூட்டமா இருந்துச்சும்மா."

"இளைச்சுட்டாளா?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கா" என்றேன்.