பத்திரிகைக்கு என்ன கலர் பார்டர்

ஜன. 19, திங்கள்

பனி. விழுப்புரத்துலேர்ந்து பஸ் லைட் போட்டுக்கினே வந்துது. திண்டிவனம் டிசைன் ஸ்டுடியோவுக்கு லேட். கல்யாணப் பொண்ணுன்னு ஓனர் அக்கா ஒண்ணும் சொல்லல.

இன்னிக்கு வேலை:
– மஞ்சள் நீராட்டு, ரோஸ் பார்டர்
– கண்ணீர் அஞ்சலி, கறுப்பு
– கோட்டக்குப்பம் பாய் வீட்டு நிக்காஹ். பச்சை, தங்க ஓரம். "ஜல்தி வேணும்மா, பையன் துபாய்லேர்ந்து கேட்டுக்கினே கீறான்."
– என் பத்திரிகை

ஊருக்கெல்லாம் கண்ணை மூடிக்கினு பார்டர் போடறவ நான். என்னுதுக்குக் கை வரல. வாட்ஸ்அப்ல அனுப்பற படம்தான். ஆனா அச்சடிச்சதைவிட அதுதான் ஊரைச் சுத்தும். இங்க கலர்னா வெறும் கலரா? எங்க தெருக் கொடி கத்திரிப்பூ. கிளியனூர்ல மாப்பிள்ளை ரவி தெருக் கொடி மஞ்சள். ரெண்டு சாதி. அழுது பொரண்டு வாங்கின சம்மதம் இது, ஒரு பார்டரால கெட்டுடுமோன்னு பயமா இருக்கு.

ஜன. 20, செவ்வாய்

மஞ்சள் போட்டு அப்பாகிட்ட காட்டினேன். "மங்களமா கீதும்மா."

அண்ணன் எட்டிப் பார்த்தான். ரவி விஷயம் தெரிஞ்சதிலேர்ந்து அவன் என்கிட்ட பேசறதில்ல. சுவத்தைப் பார்த்துச் சொன்னான்: "எந்த மங்களம்னு ஊருக்கே தெரியும்ப்பா. அந்தக் கலர்ல போனா நான் மண்டபத்துக்கே வரமாட்டேன்."

அண்ணன் வரலன்னா மாப்பிள்ளைக்கு மாலை போடறது யாரு? சனியன் புடிச்ச கலர்.

சிவப்பு, நீலம், காவி எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. எதைத் தொட்டாலும் யாரோ ஒருத்தர் கொடி. பார்டரே இல்லாம காட்டினா அம்மா: "ஐயோ, கருமாதிப் பத்திரிகை கணக்கா மொட்டையா கீதுடி!"

தலைவலி. ஷாம்பு வாங்க மறந்துட்டேன்.

ஜன. 21, புதன்

ரவி ஃபோன். அவங்க சித்தப்பாவும் ஆரம்பிச்சுட்டாராம். "பொண்ணு வீட்டுக் கலர் வந்துடப் போவுது, பார்த்துக்கோ."

ரெண்டா போட்டுட்டேன். கத்திரிப்பூ எங்க வீட்டு குரூப்புக்கு. மஞ்சள் ரவி வீட்டு குரூப்புக்கு, போன வாரம்தான் அதுல என்னைச் சேர்த்தான். ரெண்டு பக்கமும் பதிலுக்குக் கைகூப்பு பொம்மை. அப்பாடா. மதியம் டப்பா சோறு முழுசா உள்ள போச்சு.

ஜன. 22, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

மண்டபத்துக்காரர் ரெண்டு வீட்டுக்கும் தெரிஞ்சவர். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி ஸ்டேட்டஸ் வச்சுட்டார். "ஒரு கல்யாணமா, ரெண்டு கல்யாணமா?" சிரிக்கிற பொம்மை வேற.

ரவி சித்தப்பா அப்பாவுக்கு ஃபோன் போட்டுக் கத்தினாரு. இந்தப் பக்கம் அப்பா "சொல்லுங்க... சொல்லுங்க..." மட்டும். கல்யாணத்தை நிறுத்திடுவாங்களா?

சாயங்காலம் அண்ணன் வந்தான். நேரா என் முகத்தைப் பார்த்தான்.

"ரெண்டும் நீ போட்டதா?"

"ஆமா."

"ஏன்?"

"பயந்துக்கினு."

"யாருக்கு? அவங்களுக்கா?"

"உனக்குத்தாண்ணே."

வண்டியை எடுத்துக்கினு போயிட்டான். சாப்பிட வரல. அவனுக்கு எடுத்து வச்ச தோசை ஆறிப்போச்சு. அவன்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ?

ஜன. 23, வெள்ளி

பனி கம்மி. விக்கிரவாண்டி தாண்டறப்ப ஃபோனை எடுத்தேன். அண்ணன் ஸ்டேட்டஸ்.

என் பத்திரிகை. அவனே ஃபோன்ல எதையோ வச்சு பார்டர் போட்டிருக்கான். மேலயும் இடப்பக்கமும் கத்திரிப்பூ, கீழயும் வலப்பக்கமும் மஞ்சள். ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் நூல். மூலை ஒண்ணும் சேரல. அப்பா பேர்ல பாதியை பார்டர் முழுங்கிடுச்சு. அடியில எழுதியிருக்கான்: "என் தங்கச்சி கல்யாணம். எல்லாரும் வந்துடுங்க."

பஸ்லயே அழுதுட்டேன். கண்டக்டர்: "என்னம்மா, ஸ்டாப்பு வுட்டுட்டியா?"

ஸ்டுடியோ வந்து பெரிய ஸ்கிரீன்ல திறந்தேன். இன்னும் கோணல். மூலையை நேராக்கறது எனக்கு ஒரு வேலையே இல்ல. கை வைக்கல. அப்படியே ரவி வீட்டு குரூப்புக்கு அனுப்பிட்டேன்.

பார்த்துட்டாங்க. ரவி சித்தப்பா என்னமோ டைப் பண்ணிக்கினு கீறாரு.