ஃபாயெஸ் மாமாவும் ராக்கான் மாமாவும் ஒரே மேசையில்

ஜனவரி 9

வங்கியில் பார்த்துவந்த வேலை முடிந்துபோன பிறகு, இணையத்தில் இருக்கும் என் சுயவிவரத்தை இன்று மறுபடியும் திருத்தினேன். ‘மென்பொருள் எழுதுபவர்’ என்பதை அழித்துவிட்டு ‘தீர்வுகளின் சிற்பி’ என்று போட்டேன். கீழே ‘ஒப்பந்த வேலைகளுக்குத் தயார்’. சிறிது நேரத்திலேயே வாழ்த்துகள் குவிந்தன. வாழ்த்திய அத்தனை பேரும் ஒப்பந்த வேலைகளுக்குத் தயாராக இருப்பவர்கள்.

மாடிவீட்டு உம்மு ஸைஃப் வந்தார். “வேலை போயிடுச்சாமே மைசூன்?”

“போகலைக்கா. இப்போ சுயமா, ஒப்பந்தத்துல பண்றேன்.”

“அதான், வீட்லதான் இருக்கே. எங்க பிரிண்டர் ஒரு வாரமா கத்துது. வந்து பாரேன்.”

போய்ப் பார்த்தேன். உள்ளே சாக்லேட் தாள். இந்த ஆண்டின் முதல் வாடிக்கையாளர்.

ஜனவரி 16

துபாய் நிறுவனம் ஒன்றின் இணையவழி நேர்காணல். எதிரே மனிதர் யாரும் இல்லை. பெண்குரலில் பேசும் இயந்திரம்தான். “உங்களுடைய மிகப் பெரிய பலம் என்ன?” என்று அது கேட்ட நேரம் பார்த்துத் தெருவில் கேஸ் சிலிண்டர் விற்கும் வண்டி தன் பாட்டைப் போட்டுக்கொண்டு நுழைந்தது. ஜன்னலைச் சாத்தினேன், கதவைச் சாத்தினேன். இந்த அம்மான் நகரத்தில் எந்தக் கதவைச் சாத்தி அந்தப் பாட்டை நிறுத்த முடியும்?

சாயங்காலமே முடிவு வந்தது. ‘இசை ஆர்வம் சிறப்பு. சொல்திறன் போதாது.’

ஜனவரி 28

இன்றைய நேர்காணலில் மனிதரையே பார்த்தேன். அப்தலி வட்டாரத்தில் கண்ணாடிக் கட்டடம். பெயர் தாமெர், வயது முப்பதைத் தொட்டிருக்காது. பதவி ‘திறமைகளின் தோழர்’. தரையில் கிடந்த ஒரு மெத்தைப் பையில் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்துவிட்டேன். எழுந்தது தனிக்கதை.

“நாங்க கம்பெனி இல்ல மேடம், குடும்பம்” என்றார்.

ரமலானுக்காக ஒரு செயலி செய்கிறார்களாம். இஃப்தார் விருந்துக்கு மண்டபம் பிடிக்கலாம். யார் எந்த மேசையில் உட்கார வேண்டும் என்பதையும் அதுவே ஒதுக்கித் தரும். மேசை ஒதுக்கும் பகுதியை எழுதிக் காட்டச் சொன்னார்.

“சின்ன டெஸ்ட்தான். ரெண்டு மணி நேர வேலை. உங்களுக்கெல்லாம் இது ஜுஜுபி.”

பிப்ரவரி 4

ரெண்டு மணி நேர வேலை ஒரு வாரமாக நடக்கிறது. அனுப்பினால், “அருமை! விருந்தாளி கடைசி நிமிஷத்துல வரலேன்னா என்ன ஆகும்னும் பாத்துடுங்களேன்” என்கிறார் தோழர்.

என் கணவர் இயாத் பள்ளிக்கூடம் முடிந்து, டியூஷனும் முடிந்து களைத்து வந்தார். இப்போது வீடு ஓடுவது அவர் நடத்தும் புவியியல் பாடத்தில்தான். என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“இதுக்குச் சம்பளம் உண்டா?”

“டெஸ்ட்ங்க இது.”

“நானும்தான் டெஸ்ட் வைக்கிறேன். பசங்க எழுதின விடையை வெளியில வித்ததில்லையே.”

கோபித்துக்கொண்டேன். ஆனால் வேலை நன்றாக வந்திருக்கிறது. நானாகவே ஒன்று சேர்த்தேன்: ‘இவர்களை ஒரே மேசையில் போடாதே’ என்று ஒரு பொத்தான். யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்த ஊரில் அது இல்லாமல் எந்த விருந்து நடக்கும்? விளங்குவதற்கு ஒரு மாதிரி வேண்டுமே — பெயர் போடும் பெட்டிக்குள் மங்கலான எழுத்தில், ‘எ.கா: ஃபாயெஸ் மாமா, ராக்கான் மாமா’ என்று எழுதிவைத்தேன். அம்மாவின் தம்பிகள். ஒரு கல்யாணத்தில், மன்ஸஃப் என்ற ஆட்டுக்கறிச் சோற்றுத் தாம்பாளத்தில், மரியாதைக்காக வைக்கும் ஆட்டுத்தலை யார் பக்கம் பார்த்திருந்தது என்பதில் தொடங்கிய சண்டை. பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மாற்றிவிட்டு அனுப்ப நினைத்தேன். மறந்துபோயிற்று.

பிப்ரவரி 12

‘உங்கள் பயணத்தில் எங்களையும் ஒரு நிறுத்தமாக்கியதற்கு நன்றி. சந்தை மந்தமாக இருப்பதால் இந்தப் பணியிடத்தையே நிறுத்திவைக்கிறோம். தொடர்ந்து பிரகாசியுங்கள்.’

பிரகாசிக்கணுமாம். நாற்பத்து மூணு வயசுல எங்கே போய்ப் பிரகாசிக்கிறது? இனிமே யாரு எனக்கு வேலை குடுப்பா? சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இயாத்துக்குக் கேட்கக் கூடாதென்று. கேட்டிருக்கும். டீ போட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரி 20

வரும் ரமலானில் இயாத்தின் பள்ளி ஆசிரியர்களுக்கு இஃப்தார். மண்டபம் பிடிக்கும் பொறுப்பு இவருக்கு. புதிதாக ஒரு செயலி வந்திருக்கிறது, ஊரே அதில்தான் பதிகிறது என்று சோபாவில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. போனை நீட்டினார்.

‘எ.கா: ஃபாயெஸ் மாமா, ராக்கான் மாமா.’

நிறுத்திவைத்த பணியிடம்! ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை பாவிகள். படித்துக்கூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 21

காலையிலேயே போனில் ஃபாயெஸ் மாமா. “மைசூன், முடிவெட்டப் போனா, ‘ராக்கான் பக்கத்துல உக்காராத ஃபாயெஸ் நீங்கதானா’ன்னு கேக்குறான்! எவன் பண்ணின வேலை இது?”

வைத்ததும் ராக்கான் மாமா. “என் பேரை ரெண்டாவதா போட்டது யாரு?”

இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். பெயரை எழுதியது நான். உழைப்பை எடுத்துக்கொண்டது அவர்கள். திட்டு விழும் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். ராக்கான் மாமா திட்டவில்லை. “உன்னைச் சும்மா வேலை வாங்கினானா? எங்க பொண்ணையா?” என்றார். அடுத்த மணி நேரத்தில், யார் முதலில் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை — இருவரும் போனில் பேசியிருக்கிறார்கள்! அம்மா உறைந்துபோய்விட்டார்.

பிப்ரவரி 25

இதை எப்படி எழுதுவது? ஜாஹா போனோம். பெண் கேட்கவும், பகை தீர்த்து வைக்கவும் பெரியவர்கள் கூட்டமாகப் போவார்களே, அதே ஜாஹா. ஒப்பந்த வேலை கேட்டு ஜாஹா போன முதல் குடும்பம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் எங்கள் குடும்பத்து ஆண்கள் இருபது பேர், சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியோடு. மெத்தைப் பைகளை ராக்கான் மாமா ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும் நின்றார்கள். தாமெர் ஓடிப்போய்க் காபி வரவழைத்தார். ஃபாயெஸ் மாமா கோப்பையை வாங்கி, குடிக்காமல் மேசைமேல் வைத்தார். இருபது கோப்பைகளும் வரிசையாக இறங்கின.

தாமெரின் முகம் வெளிறிவிட்டது. எந்தப் பதவிப்பெயர் வைத்துக்கொண்டாலும் அவரும் இந்த மண்ணின் பிள்ளைதானே. கேட்டதைக் கொடுக்கும்வரை அந்தக் காபியை யாரும் தொடமாட்டார்கள் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“மாமா, இது சந்தை நிலவரம்...”

“தம்பி, நீங்க கம்பெனி இல்லையாமே, குடும்பமாமே” என்றார் ஃபாயெஸ் மாமா. “நாங்களும் குடும்பம்தான். பேசலாம்.”

மாமா கேட்டது: செய்த வேலைக்குச் சம்பளம். மூன்று மாத ஒப்பந்தம். என்னைப் போலவே ‘டெஸ்ட்’ எழுதிக் கொடுத்து ஏமாந்த மற்ற இருவருக்கும் அப்படியே. அப்படி இருவர் இருப்பதே, தாமெர் நிர்வாகியைக் கூப்பிட்டபோதுதான் தெரியவந்தது. நிர்வாகி தலையாட்டினார். ஃபாயெஸ் மாமா கோப்பையை எடுத்தார். “ஆறிப்போச்சு, வேற கொண்டா” என்றார்.

மார்ச் 6

நோன்பு தொடங்கிவிட்டது. வேலை நெரிக்கிறது. மாமாக்களின் பெயரை எடுத்துவிடவா என்று கேட்டேன். விளம்பரப் பிரிவு வேண்டாமென்று கெஞ்சுகிறது: செயலியில் மக்களுக்கு மிகப் பிடித்தது அதுதானாம். ராக்கான் மாமா சம்மதித்தார், தன் பெயரை முதலில் போட்டால். ஃபாயெஸ் மாமா சம்மதிக்கவில்லை. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் வரிசை மாறி வருகிறது. அதையும் நான்தான் எழுதினேன்.

ஏப்ரல் 11

விஷயம் பரவிவிட்டது. சம்பளப் பாக்கி, ஏமாற்றிய ஒப்பந்தம் — ஊரிலுள்ள வேலையில்லாத மென்பொருள்காரர்கள் எல்லோரும் மாமாக்களைத் தேடி வருகிறார்கள். இருவரும் ஒரே காரில் ஜாஹா போகிறார்கள். வழி எது என்று சண்டை போட்டுக்கொண்டே போகிறார்கள். சந்தை மந்தம் என்கிறது உலகம். இவர்களுக்கு அடுத்த மாதம் வரை நாள் காலியில்லை.

இன்று வீட்டுக்குக் கூப்பிட்டார் ஃபாயெஸ் மாமா. ராக்கான் மாமாவும் இருந்தார்.

“எந்த நாள் எங்க போகணும்னு குழம்புதும்மா. எங்களுக்கு ஒரு செயலி போட்டுக் குடேன். உனக்கு என்ன, ரெண்டு மணி நேர வேலை.”

மாமி காபி கொண்டுவந்தார். நல்ல ஏலக்காய் வாசனை. வாங்கி, குடிக்காமல் மேசைமேல் வைத்தேன்.