பீச்சாங்கையால் தின்ற புழு

பொம்மிடி
புதன்கிழமை

அன்பு மகன் அந்தோணி பிரகாஷுக்கு அம்மா எழுதுவது. மாதா கிருபையில் அப்பா, நான், உன் தங்கை ஸ்டெஃபி மூவரும் நலம், புழு வளர்க்கிற மனையில் இருக்கிற பட்டுப்புழுக்களும் நலம், நீ நலமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். உன் வலது கையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும், போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய். அதற்கு முன்னால் மூன்று நாளாக என் வயிற்றைப் புரட்டிக்கொண்டிருப்பதைக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

கொரியாவுக்குக் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்யப் போனாயா, உலகத்தில் எவன் எவன் எந்தக் கருமத்தைத் தின்கிறான் என்று பார்க்கப் போனாயா? காலையில் ஜெபம் முடித்துப் போனை எடுத்தால் உன்னிடமிருந்து வீடியோவில் ஒரு அசிங்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்வீடன்காரன் மீனை டப்பாவில் புளிக்க வைத்து, டப்பா உப்பிப் போனதும் உடைத்துத் தின்கிறானாம். ஐஸ்லாந்தில் சுறாவைக் குழியில் புதைத்து பல வாரம் கழித்துத் தோண்டித் தின்கிறானாம், அது என்ன கல்லறையா? இத்தாலியில் ஒரு தீவில் பால்கட்டிக்குள் புழு நெளிய நெளிய ரொட்டியில் தடவுகிறான். இந்தோனேசியாவில் மரநாய்ப் பீயைக் கழுவி, அதில் கிடக்கிற கொட்டையை வறுத்துக் காப்பி போடுகிறான். தூ! அன்றைக்கு அடுப்பில் இருந்த காப்பியை அப்படியே சாக்கடையில் ஊற்றினேன். உன் அப்பா என்னடாவென்றால் அதை இரண்டு தரம் பார்த்துவிட்டு, நம்ம கொல்லையிலயும் மரநாய் சுத்துது, ஒண்ணப் புடிச்சுக் கட்டிப்போடலாமாடி என்று கேட்கிறார். அப்பனும் மகனும் நல்ல ஜோடி.

அதையெல்லாம்கூடப் பொறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால், நீயே ஒரு கடையில் உட்கார்ந்து, கூட்டுக்குள் சுருண்டு கிடக்குமே அந்தப் பட்டுப்பூச்சியை அவித்துக் காகிதக் கோப்பையில் வைத்துக்கொண்டு, குச்சியால் குத்திக் குத்தி வாயில் போடுகிறாய். அடப்பாவி, இந்த வீட்டைக் கட்டினது அந்தப் புழு, உன்னைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தது அந்தப் புழு. பிளீச்சிங் தண்ணீரில் கால் கழுவாமல் யாரையும் மனைக்குள் விட்டதில்லை, கருவாடு வறுத்த நாளில் தலைக்குக் குளிக்காமல் நான் புழுவுக்கு மல்பெரித் தழை போட்டதில்லை. கூடு அவித்து நூல் எடுக்கிற ஷெட்டுக்கு அப்பா ஒருமுறை நம்மைக் கூட்டிப்போனபோது, அவிந்த பூச்சி நாற்றத்தில் நான் வாசலிலேயே வாந்தி எடுத்தேன், நீ என் முந்தானையில் மூக்கைப் புதைத்துக்கொண்டு அழுதாய். அந்த வாய்தானே இது? அப்பாவிடம் சொன்னால், நாம்ப பட்டுக்கு வளக்கறோம், உம்மவனுக்கு அது வவுத்துக்கு ஆவுது, உட்றி என்கிறார். அன்றையிலிருந்து தழை போடக் குனிந்தாலே உன் வாய்தான் தெரிகிறது, எனக்குக் குமட்டுகிறது. மூன்று நாளாக அப்பாவும் ஸ்டெஃபியும்தான் மனையைப் பார்க்கிறார்கள்.

ஆனால் அருவருப்பு தாங்காமலே அந்த வீடியோவை ஏழெட்டுத் தரம் பார்த்திருக்கிறேன், ஏன் பார்த்தேன் என்று கேட்காதே. அப்போதுதான் கவனித்தேன், நீ தின்றது பீச்சாங்கையால். சின்ன வயதில் பீச்சாங்கையால் முறுக்கு எடுத்ததற்கு உன் புறங்கையில் கரண்டியால் ஒன்று வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நீ அந்தக் கையால் வாய்க்கு எதையும் கொண்டுபோனதில்லை. ஸ்டெஃபியிடம் காட்டினேன். செல்ஃபி எடுத்தா எடது வலது மாறித்தாம்மா தெரியும், நீ ஒண்ணும் பயந்துக்காத என்றாள். மாறியிருந்தால் உன் பனியனில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்தும் திரும்பித்தானே தெரியணும், நேராக இருக்கிறதே என்று கேட்டேன். அவள் போனை என் கையில் திணித்துவிட்டு மனைக்குத் தழை போடப் போய்விட்டாள். வலது கை மேசைக்கு அடியிலேயே இருக்கிறது, ஒருமுறைகூட மேலே வரவில்லை. பழையதையெல்லாம் தேடிப் பார்த்தேன், ஈஸ்டருக்கு முன்னால் வந்த வீடியோவில் வலது கையால் நூடுல்ஸ் தின்கிறாய். ஈஸ்டருக்கு அப்புறம் சுறாவும் மரநாயும்தான் வந்தன, இந்த ஞாயிறு வரைக்கும் நீ வரவில்லை. அசிங்கத்தைக் காட்டி என் கண்ணைத் திருப்பத்தான் இத்தனையும் அனுப்பினாயா? நெருப்பில் சுட்டுக்கொண்டாயா, மெஷினில் மாட்டியதா, விரல் அஞ்சும் இருக்கிறதா? அந்த ஊரில் யாரடா உனக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறார்கள்? உன் வாயைப் பார்த்து வந்த குமட்டல் போய்விடும், என்னிடம் மறைத்தாய் பார், அதுதான் எனக்குச் சகிக்கவில்லை.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அவர் சிரித்துக்கொண்டே தழை வெட்டிக்கொண்டிருக்கிறார், சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காயம் எதுவானாலும் ஈரம் படாமல் வைத்துக்கொள், லீவு கேட்கக் கூச்சப்படாதே, பூச்சி புழு என்று கண்டதைத் தின்னாமல் சோறு கிடைக்கிற கடையாகப் பார். அந்தோணியாருக்கு ஒன்பது நாள் ஜெபம் ஆரம்பித்துவிட்டேன். மாதா உன்னை விட்டு அகலாமல் கூடவே இருந்து காப்பாற்றட்டும், முழு மனதோடு ஆசீர்வதிக்கிறேன்.

மறந்துவிடாதே, இதற்குப் பதில் போனில் வரக்கூடாது. ஒரு காகிதத்தில் நாலு வரி உன் வலது கையால் எழுதி அனுப்பு, உன் கையெழுத்து எனக்குத் தெரியும். அந்தக் கையால் முடியவில்லை என்றால் பீச்சாங்கையாலேயே கோணல்மாணலாக எழுது, இந்த முறை அடிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ம. ஞானமேரி