வேறு வீடு எதுவும் இல்லை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கிரேன் மேலே ஏறும்போது மறக்காமல் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். சௌக்கியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான், ஆனால் யோசிக்காமல் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் பட்ட பாடு இந்த ஜென்மத்துக்குப் போதும், அதனால் நிதானமாகவே எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ ம் ம் என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசுறேம்மா என்று வைத்துவிடுவாய், பக்கத்தில் உன் தங்கை வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். அதற்கு உடனே பேனாவை எடுக்காதே, கடிதத்தை முழுதும் படித்த பிறகு எடு.

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது, குடும்ப ஓய்வூதியம் இன்னும் வரவில்லை. நீ கேட்டபோதெல்லாம் ஆபீஸில் தாமதம் என்று சொன்னேன். அது பொய். அவர்கள் சுறுசுறுப்பாகத்தான் இருந்தார்கள், கெடுத்தது என் வாய். காரியமெல்லாம் முடிந்து நீ கிளம்பிப் போன இரண்டாவது வாரமே ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார், உன் வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்டவர், செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு மரியாதையாகத்தான் உட்கார்ந்தார். கையில் கேள்விப் பட்டியல். கல்யாணம் எப்போது, பிள்ளைகள் எத்தனை, உங்களை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், உங்க வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் இந்த வீட்டுலதான் உங்களோட இருந்தாராம்மா என்று கேட்டார். இதே கேள்வியை அதற்குள் மருத்துவமனையில் ஒருவர், வங்கியில் ஒருவர், நீரேற்று நிலையத்து மேலாளர் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எனக்குச் சலித்துப் போயிருந்தது. இங்க எங்கப்பா இருந்தாரு, எந்நேரமும் சின்ன வீட்டுலதான் கெடப்பாரு, குளிக்கவும் துணி மாத்தவும்தான் இங்க வருவாரு என்று சொல்லிவிட்டேன்.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா பம்ப் ஓட்டிய அந்த நீரேற்று நிலையத்தை நான் இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் உனக்குச் சோறு ஊட்டிவிடும் வயதிலேயே அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் சின்ன வீட்டுக்குப் போயிருக்கார் என்று மழலையில் சொல்வாய், கேட்கிறவர்கள் திகைத்துப் பிறகு சிரிப்பார்கள், நானும் பெருமையாகச் சிரிப்பேன். தெருவுக்கே தெரிந்த வேடிக்கை அது. ஆனால் வந்தவர் நம் தெருக்காரர் இல்லையே. அவர் தலையைக் கூட நிமிர்த்தாமல் எழுதினார். இது எவ்வளவு காலமாம்மா என்று தணிந்த குரலில் கேட்டார். நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியிருந்துன்னு வெச்சுக்குங்க என்றேன். உங்களுக்கு இதுல ஆட்சேபணை எதுவும் இல்லையா என்று கேட்டார். ஆட்சேபிச்சு என்ன ஆகப்போகுது, எல்லாருக்கும் தண்ணி வரணுமே என்றேன். உள்ளே உன் தங்கை களுக்கென்று சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் முதல் தடவையாகச் சிரித்த சிரிப்பு, அதைக் கேட்டு எனக்கும் உற்சாகம் வந்து இன்னும் நாலு வார்த்தை கூடவே சொன்னேன். கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தேடச் சோம்பல் பட்டு, நீட்டிய இடத்தில் படிக்காமலே கையெழுத்தும் போட்டேன். போகும்போது அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். பரிதாபப்பட்டுக் கும்பிட்டிருக்கிறார் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

பதிவுத் தபாலில் ஓலை வந்தது. இறந்தவருக்கு வேறொரு குடும்பம் இருந்ததாக மனுதாரரே ஒப்புக்கொண்டிருப்பதால், அந்தக் குடும்பத்தாரின் விவரம் தெரியும் வரை ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. நான் அதை நாலு தரம் படித்தேன். அடுத்த நாள் காலையிலேயே போய் அந்த ஆபீஸ் ஜன்னலில் நின்றேன். அம்மா அது பம்ப் ரூம், நான் வேடிக்கைக்குச் சொன்னது என்று சொன்னால் உள்ளே இருந்த அம்மாள் ஃபைலைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டுகிறாள். பென்ஷன் நிக்குதுன்னு தெரிஞ்சதும் எல்லாரும் இப்படித்தான் மாத்திச் சொல்றாங்க என்கிறாள். அப்படி ஒருத்தி இல்லவே இல்லையம்மா என்றால், இல்லைங்கிறதுக்கு ஆதாரம் கொண்டாங்க என்கிறாள். இல்லாதவளை இல்லை என்று காட்ட நான் எந்த ஆபீஸுக்குப் போவேன் சொல். அப்புறம் அலுவலக வாசல் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். இன்னாருடைய மற்ற மனைவி என்று உரிமை கோருபவர் யாராவது இருந்தால் முப்பது நாளுக்குள் வந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று. உன் அப்பா பெயர் அங்கே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சட்டைக்குப் பித்தான் போய்விட்டால் கூட என்னிடம் கேட்கக் கூச்சப்பட்ட மனுஷன். அந்த முப்பது நாளில் நான் மூன்று தடவை போய் எட்டிப் பார்த்தேன், எவளாவது வந்தாளா என்று. சிரிக்காதே. தினமும் அதையே நினைத்தால் புத்தி அப்படித்தான் போகும்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைத்திருந்தேன். மருத்துவமனைத் துணிகள் வெளுக்கிற இடத்தில் விரிப்பு மடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நீ அனுப்புவது உன் தங்கையின் படிப்புக்குச் சரியாகப் போகிறது. பிள்ளைக்கென்று கொடுக்கிற பங்கு அவளுக்குப் பதினெட்டு முடிகிற நாளோடு நின்றுவிடுமாம், இன்னும் பதினோரு மாதம்தான். தாமதத்துக்கு அவர்கள் சேர்த்துக் கொடுக்க மாட்டார்களாம், நிறுத்தி வைத்த மாதம் போனது போனதுதானாம். என் வாய் என் வயிற்றில் அடித்தால் பரவாயில்லை, அவள் படிப்பில் அடிக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முப்பது நாளும் முடிந்து யாரும் வராததால், அந்த இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடு என்று அதே கண்ணாடிக்காரரை மேலிடம் அனுப்பியது. என்னையும் கூட வரச் சொன்னார்கள். இருபத்தெட்டு வருடத்தில் நான் அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அப்பாவோடு மாற்றி மாற்றி வேலை பார்ப்பாரே, நீங்களெல்லாம் வால்வு மாமா என்று கூப்பிடுவீர்களே, அவர்தான் எங்களை உள்ளே கூட்டிப் போனார். முதலில் மோட்டார்கள் ஓடும் பெரிய கூடம். அந்த இரைச்சலில் நான் அவரிடம் ஏதோ கேட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதைத் தாண்டிப் பின்னால் ஒரு சின்ன அறை, அப்பா விட்டுப்போனபடியே வால்வு மாமா கலைக்காமல் வைத்திருந்தார். ஒரு இரும்புக் கட்டில், அதன் மேல் விரிப்பை மூலைக்கு மூலை இழுத்து மடித்துச் செருகியிருந்தது. நான் தினமும் நூறு விரிப்பு மடிக்கிறேன், எனக்கு அவ்வளவு சுத்தமாக வராது. வீட்டில் குடித்த டம்ளரை எடுத்து வைக்காத மனுஷன் அங்கே அலமாரியில் இரண்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அவர் உயரத்துக்கு மாட்டிய ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு ஸ்டவ், ஜன்னலில் பெயிண்ட் டப்பாவில் ஒரு செடி. கண்ணாடிக்காரர் ரெண்டாவது டம்ளர் யாரோடது என்று சத்தம் போட்டுக் கேட்டார். என்னோடதுதான் சார் என்று வால்வு மாமா சத்தம் போட்டுச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு பதிவேட்டைக் கேட்டார். பம்ப் ஓட்டுகிறவர் மணிக்கொரு தரம் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அந்தப் புத்தகங்கள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. மனிதர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து மதியம் வரை புரட்டினார். முடிவில் அவர் முகமே தெளிந்துவிட்டது. இவர் எங்கயும் போகலைம்மா, மணிக்கொரு தடவை இங்க கையெழுத்துப் போட்டிருக்காரு, இவர் எங்க போய் இன்னொரு குடும்பம் நடத்துறது, நான்தான் தப்பா எழுதிட்டேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். நான்தான் சும்மா இராமல், நீ முதல் முதலாக வெளிநாட்டுக்குக் கிளம்பிய தேதியைச் சொல்லி அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். டூட்டி இருக்கு, வர முடியாது என்று வழியனுப்பக் கூட வராமல் போனாரே, அன்றைக்கு. அந்தப் பக்கத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு கையெழுத்து கூட அப்பாவுடையது இல்லை. எல்லாம் வால்வு மாமாவுடையது.

அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுதான் நின்றார், நான் விடவில்லை. அன்னைக்கு அண்ணனுக்கு லீவுதான் அண்ணி, விடிஞ்சதுமே வந்து கட்டில்ல உக்காந்துட்டாரு, பையன் கெளம்புறானே போகலியான்னேன், இதான் என் வீடுன்னு அவனே சொல்லிட்டான்டா, விடுன்னாரு என்றார். அன்னைக்கு மட்டும்தானா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, லீவு நாள்ல பாதி இங்கதான் அண்ணி, இங்க வந்தா மோட்டார் சத்தம் மட்டுந்தான்டா, வேற சத்தமில்லம்பாரு என்றார்.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். எழுதினால் நீ அங்கே தனியாக உட்கார்ந்து வேதனைப்படுவாய். ஆனால் இதை நான் ஒருத்தியே ஏன் சுமக்க வேண்டும் என்று எனக்குக் கோபமும் வந்தது, அதை மறைப்பானேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் நீ அவர் முகத்துக்கு நேரே, உங்களுக்கு எதுக்கு இந்த வீடு, சின்ன வீடே போதுமே என்று சொன்னாய். நான் அடுப்படியில் இருந்தேன், கேட்டது. அடக்கவில்லை. எனக்குப் பரிந்துதானே பேசுகிறான் என்று உள்ளே குளிர்ந்து போயிருந்தேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, அந்த வார்த்தையை உன் வாயில் வைத்தவள் நான். இருபத்தெட்டு வருடம் நான் சொல்லிச் சொல்லியே அவருக்கு அதை ஒரு வீடாக ஆக்கிக் கொடுத்துவிட்டேன். அவர் மேலும் எனக்கு ஆத்திரம் இருக்கிறது. ஒரு நாளாவது, ஏண்டி இப்படிப் பேசுறே என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் அங்கே போய் விரிப்பை மடித்துக்கொண்டு இருந்தாரே.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். பதினெட்டு தாண்டிய வாரிசுகள் எல்லோரும் வாக்குமூலம் கொடுத்தால் இந்த மாதமே உத்தரவு போட்டுவிடலாம் என்று கண்ணாடிக்காரர் சொல்லிவிட்டார், பாவம், அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்து கொடுத்தார். இறந்தவர் கடைசி வரை தம் குடும்பத்தாருடன் கீழ்க்கண்ட முகவரியிலேயே வசித்து வந்தார், அவருக்கு வேறு வீடு எதுவும் இல்லை என்று இருக்கிறது. முதலில் வேடிக்கையாக உண்மையைச் சொன்னேன், பென்ஷன் நின்றது. இப்போது முறையாக ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டால் வரும். நான் போட்டுவிட்டேன். உன் தங்கைக்காகப் போட்டேன், இரண்டாவது வரிக்கு வந்தபோது பேனாவை ஒரு தரம் கீழே வைத்தேன், கண்ணாடிக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவளுக்கு இதொன்றும் தெரியாது, நீயும் சொல்லாதே, அவள் அந்தச் சிரிப்பைச் சிரித்ததற்காகத் தன்னையே நொந்துகொள்வாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கென்று ஒரு வீடு அமைந்து அதில் உன்னைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்க வேண்டும், அதுதான் அம்மாவின் ஆசீர்வாதம். கல்யாணம் பண்ணிக்கொண்டால் வருகிறவளிடம் வாயை அளந்து பேசு, அவள் அளக்காவிட்டால் எழுந்து போய்விடாமல் கேட்டுவிடு. படிவத்தில் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே கையெழுத்துப் போடு. ஓரத்தில் ஒரு வார்த்தை கூடச் சேர்க்காதே, இருபதாம் தேதிக்குள் இங்கே வந்து சேர வேண்டும். இறந்தவர் வசித்த முகவரி என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள், அதை அவரவர் கைப்பட எழுத வேண்டுமாம். யோசித்துக்கொண்டு உட்காராதேப்பா, நம் வீட்டு முகவரியையே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா