தகரத்தின் பின்பக்கம்

என் சண்டைக்காரிக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். நாளைக்கு மட்டும் குட்டியைக் கூட்டிக்கிட்டு ஷூட்டிங் பார்க்க வந்துடாதே.

நிஜமா போர் நடந்த இடத்துல எடுத்தாத்தான் படத்துல உயிர் இருக்கும்னு டைரக்டர் ஒத்தைக் கால்ல நின்னார். இந்த மைதானத்துல ஏற்கெனவே 'கண்ணிவெடி, உள்ளே வராதே'ன்னு தகரப் பலகைகள் வரிசையா இருந்துச்சு. செட் போடறவன் சும்மா இருப்பேனா? அதே மாதிரி இன்னும் சிலதைச் செஞ்சு, ஆபத்தில்லாத இந்தப் பக்கமா நட்டேன். துருகூட அசல் மாதிரியே பூசினேன்.

இன்னைக்கு ஷூட்டிங் முடிஞ்சதும் பசங்க பலகைகளைப் பிடுங்கி லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. என் போனும் அதுலயே போயிடுச்சு. ஒண்ணு மட்டும் தூரத்துல நின்னுச்சு. விட்டுட்டாங்களேன்னு திட்டிக்கிட்டே நடந்து போய்ப் பிடுங்கினேன்.

நான் செஞ்ச தகரத்துக்கு முன்பக்கம் மட்டும்தான் துரு. பின்பக்கம் கேமராவுக்குத் தெரியாதே, பளபளன்னு விட்டிருந்தேன்.

இதுக்கு ரெண்டு பக்கமும் துரு.

அப்போ இது நிஜப் பலகை; மத்த நிஜப் பலகைகளையும் பசங்க சேர்த்துத்தான் பிடுங்கியிருக்காங்க. எல்லைக்கு எந்தப் பக்கம் நிக்கிறேன்னே தெரியலை.

என்னைக் கூட்டிப் போக வந்த கார் டிரைவர் ரோட்டுலேர்ந்து, "அசையாதீங்க சார், ராணுவத்துக்காரங்க வர்றாங்க"ன்னு கத்தறார். நின்ன இடத்துலயே, பலகையை அட்டையா வச்சு, சீன் பேப்பர் பின்னாடி எழுதறேன். கையெழுத்து கோணினா கிண்டல் பண்ணாதே.

இதை நானே கொண்டுவந்து உன் கையில தர்றேன். வேற யாராவது கொண்டுவந்தா வாங்காதே.

உன் வீட்டுக்காரன்